குறைந்த நாளில் ஒரு விவாகம்

வேத பாடம்
வாசிக்க வேண்டிய பகுதி: ஆதியாகமம் 24-ம் அதிகாரம், ரூத் 3:18 முதல் 4:13 வரை



போன வருஷம் ஜூன் மாதக் கடைசியில் மீஞ்சூர் பக்கத்திலிருந்து ஒரு விசுவாசி பொன்னேரியிலுள்ள எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார். கையில் கிழித்த காலண்டர் தாள். "பாஸ்டர், மகளுக்கு ஒரு இடம் அமைஞ்சிருக்கு. மாப்பிள்ளை வெளிநாட்டுல வெல்டர். ஜூலை கடைசியில வரார். இருபத்தஞ்சு நாள்தான் லீவு. விட்டா இன்னும் ரெண்டு வருஷம் ஆகும். இதுக்குள்ள கலியாணம் முடியுமா? இது தேவ சித்தமா, இல்லே நம்ம அவசரமா?" என்று கேட்டார்.

நம்முடைய பகுதியில் இது புதிய கேள்வி அல்ல. கும்மிடிப்பூண்டி சிப்காட், எண்ணூர், காட்டுப்பள்ளி என்று ஷிப்ட் வேலை செய்யும் பிள்ளைகள் ஒரு பக்கம்; கப்பலிலும் வளைகுடா நாடுகளிலும் இருக்கிற பிள்ளைகள் ஒரு பக்கம். லீவு கிடைக்கிற நாளில்தான் கலியாணம். சில வீடுகளில் தகப்பனார் படுக்கையில் இருப்பார். கண் மூடுமுன் மகளைக் கட்டிக்கொடுத்துப் பார்க்க வேண்டும் என்பார். ஆகவே "ஆறு மாதம் பொறுங்கள்" என்று எல்லோருக்கும் ஒரே பதில் சொல்லிவிட முடியாது. வேதம் என்ன சொல்லுகிறது என்று ஜெபத்தோடே தியானிப்போம்.

1. சீக்கிரம் வேறு, பதற்றம் வேறு

ஆதியாகமம் 24-ல் ஆபிரகாமின் ஊழியக்காரன் பத்து ஒட்டகங்களோடு நாகோருடைய ஊருக்குப் போகிறான். கிணற்றண்டையில் ஜெபிக்கிறான். ஜெபம் முடியுமுன்னே ரெபெக்காள் வந்து நிற்கிறாள். அன்றைக்கே பேச்சு முடிகிறது. மறுநாள் காலையிலேயே என்னை அனுப்பிவிடுங்கள் என்கிறான். பெண்ணின் தாயும் சகோதரனும் பத்து நாளாவது அவள் எங்களோடே இருக்கட்டும் என்று கேட்கிறார்கள் (வச. 55). வேதத்திலேயே மிகக் குறைந்த நாளில் முடிந்த சம்பந்தங்களில் இது ஒன்று!

ஆனால் கவனியுங்கள். அவன் ஒட்டகத்தில் சீக்கிரமாய்ப் போனானே தவிர, ஜெபத்தை விட்டுவிட்டுப் போகவில்லை. சாப்பாடு வைத்தபோதும், வந்த காரியத்தைச் சொல்லாமல் சாப்பிடமாட்டேன் என்றான் (வச. 33). எஜமான் யார், குமாரன் யார், என்ன ஆணை என்று எதையும் ஒளிக்காமல் சொன்னான்.

மறுபக்கம் யாக்கோபைப் பாருங்கள். ஏழு வருஷம் காத்திருந்தான். காலையில் எழுந்து பார்த்தால் லேயாள் (ஆதி. 29:25). வருஷம் அதிகமானதால் வஞ்சகம் இல்லாமல் போகவில்லை. நாள் அதிகமா குறைவா என்பது அல்ல காரியம். அந்த நாளில் உண்மை இருந்ததா என்பதே காரியம்.

2. பெண்ணைக் கேளுங்கள்

அந்தப் பத்து நாள் வழக்கு எப்படித் தீர்ந்தது? பெண்ணை அழைத்து அவள் வாயிலிருந்தே கேட்போம் என்றார்கள் (வச. 57). போகத் தனக்குச் சம்மதம் என்று அவளே சொன்னாள். பிறகுதான் ஆசீர்வதித்து அனுப்பினார்கள்.

மீஞ்சூர் சகோதரனிடம் நான் முதலில் கேட்டது இதுதான்: "பாப்பா என்ன சொல்லுது?" "அது என்ன பாஸ்டர் சொல்லப் போகுது? நாங்க பார்த்தா சரின்னுடும்" என்றார். அடுத்த நாள் என் மனைவியோடு அவர்கள் வீட்டுக்குப் போனேன். என் மனைவி அந்தப் பிள்ளையைத் தனியாக உட்காரவைத்துக் கேட்டபோது அவள் அழுதுவிட்டாள். "அக்கா, மண்டபம் பார்த்தாச்சு, சமையல்காரரைப் பார்த்தாச்சு. என்னை மட்டும் யாரும் இன்னும் கேட்கலை" என்றாள்.

அவளுக்கு மாப்பிள்ளைமேல் குறை ஒன்றும் இல்லை. கல்லூரியில் கடைசி வருஷம் பாக்கி. அதை முடிக்க விடுவார்களா என்பதே அவளுடைய பாரம். அன்று இரவே இரு வீட்டாரும் இருக்கும்போது வீடியோ காலில் பேசவைத்தோம். அந்தத் தம்பி, "படிப்பை முடிச்சிட்டே வரட்டும். நான் காத்திருக்கிறேன்" என்றான். பத்து நிமிஷம்தான். அந்தப் பத்து நிமிஷத்தை விட்டிருந்தால் பத்து வருஷக் கசப்பு அந்த வீட்டுக்குள் போயிருக்கும். நாள் குறைவாயிருந்தால் பந்தலைக் குறைத்துக்கொள்ளுங்கள், பலகாரத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள். இந்தக் கேள்வியைக் குறைக்காதிருங்கள்.

3. போவாஸ் ஒரு படியையும் தாண்டவில்லை

இன்றைக்கே இந்தக் காரியத்தை முடிக்குமட்டும் அந்த மனுஷன் ஓயமாட்டான் என்று நகோமி போவாஸைக் குறித்துச் சொன்னாள் (ரூத் 3:18). அப்படியே ஒரே நாளில் முடித்தான். ஆனால் எங்கே முடித்தான்? ஊர் வாசலில்! பத்து மூப்பரை உட்காரவைத்தான். தன்னிலும் கிட்டின சுதந்தரவாளி ஒருவன் இருக்கிறான் என்பதை மறைக்காமல், அவனைக் கூப்பிட்டு முதலில் கேட்டான். அவன் விலகின பிறகே, ஜனங்கள் சாட்சியாய் நிற்க, ரூத்தை விவாகம் பண்ணினான்.

இங்கே என் தப்பிதம் ஒன்றை உங்கள் முன்பாக அறிக்கையிடுகிறேன். வேதாகமக் கல்லூரியில் டிப்ளமா முடித்து ஊழியத்துக்கு வந்த புதிதில், 2008-ல், நாலே நாளில் ஒரு விவாகத்தை நடத்தி வைத்தேன். விவாகம் நடத்த எனக்கு லைசென்ஸ் இல்லை. "ஜெபித்து இணைத்தால் போதாதா?" என்று நினைத்தேன். சபை லெட்டர்பேடில் எழுதி, முத்திரை குத்திக் கொடுத்தேன். இரண்டு வருஷம் கழித்து அந்தச் சகோதரனுக்கு வெளிநாட்டில் குடும்பத்தோடே இருக்க வாய்ப்பு வந்தது. நான் கொடுத்த தாளைக் காட்டினார்கள். அது செல்லாது என்று சொல்லிவிட்டார்கள். கைக்குழந்தையோடு அந்தச் சகோதரி என் வீட்டில் வந்து, "அப்போ எங்களுக்குக் கலியாணமே ஆகலையா பாஸ்டர்?" என்று கேட்டாள். அந்தக் கேள்வி இன்றும் என் காதில் இருக்கிறது.

1872-ம் வருஷத்து இந்திய கிறிஸ்தவ விவாகச் சட்டப்படி, அதிகாரம் பெறாதவர் நடத்தும் விவாகம் செல்லாது. தெரிந்தே நடத்துகிறவருக்குப் பத்து வருஷம் வரை சிறைத் தண்டனையும் உண்டு. அவர்கள் பின்பு 1954-ம் வருஷத்து விசேஷ விவாகச் சட்டத்தின் கீழ் 30 நாள் அறிவிப்புக் கொடுத்து, பதிவு அலுவலகத்தில் பதிவு செய்துகொண்டார்கள். பிள்ளைக்கும் அந்தச் சட்டம் பாதுகாப்புக் கொடுக்கிறது. ஆனால் அதற்குள் அந்தச் சகோதரன் தனியாகவே விமானம் ஏறவேண்டியதாயிற்று. எட்டு மாதம் பிரிவு. என் அவசரத்தின் கூலியை அவர்கள் கொடுத்தார்கள். இன்றைக்கும் என்னிடத்தில் லைசென்ஸ் இல்லை. சபையில் விவாகம் வந்தால் லைசென்ஸ் உள்ள மூத்த போதகரை அழைக்கிறேன். நான் ஜெபிக்கிறேன், செய்தி கொடுக்கிறேன், பந்தியில் பரிமாறுகிறேன்.

ஆகவே குடும்பத்தார் அறியவேண்டியவை:

முதலாவது, நடத்துகிற போதகரிடம் விவாக லைசென்ஸ் இருக்கிறதா என்று தாராளமாய்க் கேளுங்கள். அது மரியாதைக் குறைவு அல்ல.

இரண்டாவது, மணமகனுக்கு 21 வயதும் மணமகளுக்கு 18 வயதும் நிறைந்திருக்கவேண்டும். வயதுச் சான்று, முகவரிச் சான்று முதல் நாளே எடுத்து வையுங்கள். மனைவியை இழந்தவரானால் மரணச் சான்றிதழும், விவாகரத்தானவரானால் நீதிமன்றத் தீர்ப்பும் பார்க்காமல் பேச்சைத் தொடராதிருங்கள்.

மூன்றாவது, விவாக அறிவிப்பை இருவரில் ஒருவர் எழுதிக்கொடுத்தால் போதும். மாப்பிள்ளை விமானம் ஏறுமுன்னே பெண் கொடுத்துவிடலாம். அந்த அறிவிப்பை ஆலயத்தில் எல்லோரும் பார்க்கும் இடத்தில் ஒட்டவேண்டும். ஓலை வாசிக்கிற வழக்கமுள்ள சபைகளில் மூன்று ஞாயிறு என்றாலும் முதல் ஞாயிறிலிருந்து பதினைந்தாம் நாளில் மூன்றாவது வாசிப்பு முடிந்துவிடும். தடை சொல்ல ஒருவருக்கு வாய்ப்புக் கொடுப்பதுதான் போவாஸ் செய்த காரியம்.

நாலாவது, போதகர் சான்று கொடுத்த பிறகு இரண்டு மாதத்துக்குள் விவாகம் நடக்கவேண்டும். தாண்டினால் மறுபடியும் முதலிலிருந்து. லீவு ஒரு வாரம் தள்ளிப்போனால் கலங்கவேண்டாம் என்பதும் இதற்குள் இருக்கிறது.

ஐந்தாவது, காலை 6 மணிக்கும் மாலை 7 மணிக்கும் நடுவே, குறைந்தது இரண்டு சாட்சிகள் முன்பாக நடக்கவேண்டும். "மாலை ஆறரைக்கு விவாகம்" என்று அழைப்பிதழ் அடித்துவிட்டு, பெண் அலங்காரத்துக்கு ஏழரை வரை காத்திருக்கிற வேலை வேண்டாம்.

ஆறாவது, தமிழ்நாட்டில் 2009-ம் வருஷத்துச் சட்டப்படி எந்த மதத்தாரின் விவாகமானாலும் 90 நாளுக்குள் பதிவு செய்யவேண்டும். புருஷனும் மனைவியும் கையெழுத்துப் போடவேண்டியிருப்பதால் மாப்பிள்ளை ஊருக்குத் திரும்புமுன் முடியுங்கள்.

4. லீவின் கடைசியில் வைக்காதிருங்கள்

இருபத்தைந்து நாள் லீவில் இருபத்திரண்டாம் நாள் கலியாணம் வைக்கிறார்கள். ஏற்பாட்டுக்கு நாள் வேண்டுமாம்! மூன்றாம் நாள் ஏர்போர்ட்டில் அழுகை. புதிதாய் விவாகம்பண்ணினவன் யுத்தத்துக்குப் போகாமல் ஒரு வருஷம் வீட்டிலிருந்து தன் மனைவியைச் சந்தோஷப்படுத்தவேண்டும் என்பது இஸ்ரவேலுக்குக் கொடுத்த பிரமாணம் (உபா. 24:5). நமக்கு ஒரு வருஷம் கிடைக்காது. பத்துப் பதினைந்து நாளாவது அவர்களுக்குக் கொடுங்கள். மீஞ்சூர் விவாகத்தை மாப்பிள்ளை வந்த பத்தாம் நாள் வைத்தோம்.

அது ஆடி மாதம். ஜனங்கள் ஆடியில் கலியாணம் செய்வதில்லை. ஆகவே கேட்ட மண்டபம் கேட்ட தேதியில் கிடைத்தது, வாடகையும் குறைத்துக் கொடுத்தார்கள். ராகுகாலம், எமகண்டம் பார்க்காத விசுவாசம் நமக்கு இந்த லாபத்தையும் தருகிறது. அல்லேலூயா!

5. கடன் வாங்கிக் கனம் தேடாதிருங்கள்

நாள் குறையும்போது பிசாசானவன் கொண்டுவருகிற பெரிய கண்ணி கடன். சீட்டு எடுக்க நேரம் இல்லை. உடனே தண்டல்காரரிடமும் வட்டிக்காரரிடமும் ஓடுகிறோம். கடன் வாங்கினவன் கொடுத்தவனுக்கு அடிமை என்று ஞானி எச்சரிக்கிறான் (நீதி. 22:7). கோபுரம் கட்ட நினைக்கிறவன் முதலில் உட்கார்ந்து கணக்குப் பார்ப்பான் என்று ஆண்டவரும் சொன்னார் (லூக். 14:28). உட்கார்ந்து பாருங்கள். கையில் இருப்பது எவ்வளவு? அதற்கு எத்தனை இலை? அத்தனை பேரை அழையுங்கள்.

2020-ல் கொரோனா ஊரடங்கில் விவாகத்துக்கு 50 பேருக்கு மேல் கூடக்கூடாது என்று அரசு சொன்னது. அப்படி விவாகமானவர்கள் நம்முடைய சபைகளிலும் இருக்கிறார்கள். ஆள் குறைந்ததால் அந்த விவாகத்தில் ஆசீர்வாதம் குறைந்ததா? இல்லையே!

இன்னொன்று. ஆதியாகமம் 24-ல் வெள்ளியும் பொன்னும் யார் கொடுத்தது? மாப்பிள்ளை வீட்டு ஊழியக்காரன் பெண்ணுக்கும் அவள் வீட்டாருக்கும் கொடுத்தான் (வச. 53). "நாள் இல்லை, நகையாச் செய்ய வேண்டாம், பணமாக் கொடுத்துடுங்க" என்று கேட்கிற விசுவாசிகளே, 1961-ம் வருஷத்து வரதட்சணைத் தடைச் சட்டப்படி வாங்குவதும் குற்றம், கொடுப்பதும் குற்றம். அதற்கு மேலாக, பரலோகத்தில் ஒரு கணக்கு இருக்கிறது.

6. குறைவு வந்தால் யாரிடம் சொல்லுவது?

எவ்வளவு திட்டம் போட்டாலும் ஏதோ ஒன்று குறையும். கானாவூரில் திராட்சரசம் குறைந்தது (யோவான் 2). மரியாள் பந்தி பந்தியாய்ப் போய் அதைச் சொல்லவில்லை; இயேசுவிடம் சொன்னாள். வேலைக்காரர் கற்சாடிகளை வாய்மட்டும் தண்ணீரால் நிரப்பினார்கள். மீஞ்சூர் விவாகத்தில் எதிர்பார்த்ததைவிட நாற்பது பேர் அதிகம் வந்துவிட்டார்கள். பெண்ணின் தகப்பனாருக்குக் கை நடுங்கியது. சபைச் சகோதரிகள் நாலு பேர் சமையல் கட்டுக்குள் போய் முழங்காலிட்டு ஜெபித்தார்கள். எழுந்து இன்னொரு அடுப்பில் உலை வைத்தார்கள். சாம்பார் சாதமும் அப்பளமும் கடைசிப் பந்திக்கு. ஒருவரும் முணுமுணுக்கவில்லை. ஜெபமும் வேண்டும், உலையும் வேண்டும்!

பந்தி முடிந்தபின் அந்தத் தகப்பனார் என் கையைப் பிடித்துக்கொண்டு, "மகளைக் கேட்கச் சொன்னீங்களே பாஸ்டர், அதுக்கு ஸ்தோத்திரம்" என்றார். அந்தப் பிள்ளை இந்த வருஷம் பரீட்சை எழுதிவிட்டாள். அடுத்து அவனிடத்துக்குப் போகிறாள். கையில் செல்லத்தக்க சான்றிதழ் இருக்கிறது.

பிரியமானவர்களே, நம்முடைய மணவாளன் வரப்போகிறார். அந்த நாளுக்கு எவ்வளவு காலம் இருக்கிறது என்று நமக்குத் தெரியாது. எண்ணெயோடே இருந்தவர்கள் சத்தம் கேட்டதும் பதறவில்லை, எழுந்து போனார்கள் (மத். 25). நம் வீட்டு விவாகங்களும் அந்த ஆயத்தத்துக்குச் சாட்சியாயிருக்கட்டும்.

சிந்திக்க:
1. நம் வீட்டில் பிள்ளைகளின் சம்மதத்தைத் தனியாக, பயமில்லாமல் சொல்ல இடம் கொடுத்தோமா?
2. நம்முடைய விவாகம் பதிவாகியிருக்கிறதா? இல்லையென்றால் இந்த வாரமே யாரிடம் விசாரிக்கப்போகிறோம்?
3. வரப்போகிற விவாகத்தில் எதைக் குறைக்கலாம், எதைக் குறைக்கக்கூடாது?

ஜெபம்: அன்பின் பரலோகப் பிதாவே, விவாகத்துக்கு நாள் குறித்துக் கலங்குகிற குடும்பங்களை உம்முடைய கரத்தில் ஒப்புக்கொடுக்கிறோம். ரெபெக்காளின் வழியை வாய்க்கப்பண்ணினவரே, எங்கள் பிள்ளைகளின் வழியையும் வாய்க்கப்பண்ணும். எங்கள் பதற்றத்தை மன்னியும். இயேசுவின் நாமத்தில் ஜெபிக்கிறோம், பிதாவே. ஆமென்.