கொழும்பு வாழ்க்கையை இலேசாக்க ஏழு வழிகள்

இரத்தினபுரி மாவட்டத்தின் நிவித்திகலைத் தோட்டங்களிலிருந்து வேலைக்காகக் கொழும்பு வந்து குடும்பம் நடத்துபவர்களுக்கு:

● வாடகை: வேலைத்தலத்துக்கும் பிள்ளைகளின் பாடசாலைக்கும் பக்கத்தில் வீடு பாருங்கள். வாடகை சற்றுக் கூடினாலும் பஸ் காசும் நேரமும் மிஞ்சும்.

● கோப்பு: பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டைப் பிரதி, கிளினிக் கொப்பி, வாடகை ஒப்பந்தம், கரண்ட் பில் எல்லாவற்றையும் ஒரே கோப்பில் வையுங்கள். அரச பாடசாலையில் முதலாம் வகுப்புக்கு விண்ணப்பிக்கும்போது வதிவிடத்தை நிரூபிக்க வேண்டும். வாக்காளர் பட்டியலில் பெயர் இருந்த வருடங்களுக்கும் புள்ளி உண்டு. ஆகவே வந்ததுமே பெயரைப் பதிய ஏற்பாடு செய்யுங்கள்.

● காலைச் சமையல்: கடலை, பயறை இரவே ஊற வையுங்கள். ரொட்டி மாவையும் பிசைந்து மூடி வைத்தால், விடிந்ததும் தட்டிச் சுட்டுச் சம்பலுடன் கட்டிக் கொடுக்கலாம்.

● மின்சாரம்: மாதம் 60 அலகைத் தாண்டினால் கட்டணம் சட்டென்று ஏறும். வாரம் ஒருமுறை மீட்டரைப் பாருங்கள். உடுப்புகளைச் சேர்த்து ஒரே தடவையில் அயன் பண்ணுங்கள்.

● வேலைப் பங்கீடு: தண்ணீர் நிரப்புவது, பாத்திரம் கழுவுவது, குப்பை பிரிப்பது யார் யாருக்கென்று எழுதி ஒட்டுங்கள். எல்லாச் சுமையும் அம்மா தலையில் விழக்கூடாது.

● ஊர்ப்பயணம்: தீபாவளி, பொங்கலுக்கு முதல்நாள் பஸ்ஸில் நெரிசல் அதிகம், முடிந்தால் ஒருநாள் முந்திப் புறப்படுங்கள். களுகங்கை பெருகினால் இரத்தினபுரிப் பாதை தடைப்படும். மழைக்காலத்தில் அனர்த்த முகாமைத்துவ நிலையத்தை 117இல் அழைத்து விசாரியுங்கள்.

● அவசரம்: இலவச அம்புலன்ஸ் 1990, பொலிஸ் 119. பிள்ளைகளுக்கும் மனப்பாடமாகட்டும்.