பேரிக்காய் லிக்னின் மரபணு: ஆய்வகத்தில் புதிதாகச் சேர்பவருக்கு

பேரிக்காயைக் கடித்தால் மணல்போல் நறநறப்பவை கல்செல்கள். அவற்றின் சுவரை இறுகச் செய்வது லிக்னின். சீனாவின் தாங்ஷான் சூ ரகத்தின் முழு மரபணுத் தொகுதி 2013-ல் வெளியானது. அதிலிருந்து லிக்னின் மரபணுக்களைத் தேடிப் பிடிப்பது எளிதாயிற்று. ஆனால் பேரி மரம் காய்க்கப் பல ஆண்டுகள் ஆகும். அதனால்தான் சில வாரங்களிலேயே விதை தரும் அரபிடாப்சிஸில் முதல் சோதனை. இந்த வேலையில் உங்கள் மதிப்பு, மரபணுவைச் செடிக்குள் செலுத்துவதில் இல்லை. ஐயத்துக்கு இடமில்லாமல் ஒப்பிடுவதில்தான் இருக்கிறது.

கேள்வியை முதலில் எழுதுங்கள். மரபணுவோடு வழக்கமாக இணைக்கும் 35எஸ் புரொமோட்டர் அதை ஏறக்குறைய எல்லாத் திசுக்களிலும் அளவுக்கு மீறி இயக்கும். லிக்னின் கூடினாலும் அதுவே அதன் இயல்பான வேலை என்று ஆகாது. உங்கள் மரபணு லிக்னின் உருவாக்கத்தில் பங்கேற்கும் சிசிஆர் நொதிக்குரியது என்றால், ஐஆர்எக்ஸ்4 என்ற அரபிடாப்சிஸ் திடீர்மாற்றச் செடியில் சோதியுங்கள். அதில் செடியின் சொந்த சிசிஆர்1 மரபணு பழுது. நீர்க்குழாய்கள் நசுங்கி, செடி குட்டையாக நிற்கும். பேரியின் மரபணு அதை நிமிர்த்தினால், அதுவே வலுவான சான்று.

ஒப்பீட்டுச் செடிகளில் சிக்கனம் வேண்டாம். இயல்புச் செடி, வெற்று வெக்டர் செடி, மரபணு செலுத்திய குறைந்தது மூன்று தனி லைன்கள் (வழித்தோன்றல்கள்). மரபணு குரோமோசோமில் எங்கே போய் அமரும் என்பது நம் கையில் இல்லை. ஒரே லைனை நம்பினால் அமர்ந்த இடத்தின் விளைவை மரபணுவின் விளைவென்று எண்ணிவிடுவீர்கள்.

அவசரப்பட்டு அளக்காதீர்கள். பூங்கொத்தை அக்ரோபாக்டீரியக் கரைசலில் முக்கியபின் கிடைக்கும் முதல் தலைமுறையை ஆன்டிபயாட்டிக்கில் வடிகட்டுங்கள். இரண்டாவதில் ஆன்டிபயாட்டிக்கைத் தாங்கும் நாற்றுகளும் தாங்காதவையும் 3:1 விகிதத்தில் வரும் லைன்களைத் தேர்ந்து, மூன்றாவதில் எல்லா நாற்றுகளும் தாங்கும் குடும்பத்தை அளவெடுங்கள்.

சாயத்தோடு நிறுத்தாதீர்கள். அமிலம் சேர்த்த ஃபுளோரோகுளுசினால் சாயம் லிக்னினைச் சிவப்பாக்கி, அது எங்கே இருக்கிறது என்று காட்டும். எவ்வளவு என்பதற்கு அசிட்டைல் புரோமைடு முறை தேவை. வயதாக ஆகத் தண்டில் லிக்னின் ஏறும். ஒரே வயதுச் செடிகளில், தண்டின் ஒரே பகுதியில் வெட்டுங்கள்.

அனுமதி முன்னதாகவே. இந்தியாவில் மரபணு மாற்ற உயிரிகளுக்கான 1989 விதிகளின்படி நிறுவன உயிரிப் பாதுகாப்புக் குழுவுக்குத் தெரிவிக்காமல் தொடங்கக் கூடாது. மிச்ச விதையையும் மண்ணையும் ஆட்டோகிளேவ் செய்தே அப்புறப்படுத்துங்கள்.

அரபிடாப்சிஸில் பேரிக்காயின் சதை கிடையாது. ஆகவே 'இந்த மரபணு லிக்னினை உருவாக்க உதவுகிறது' என்று சொல்லலாம். 'கல்செல்லை உருவாக்குகிறது' என்று சொல்ல, பேரிக்காயிலேயே சோதித்துக் காட்ட வேண்டும். முடிவை விளக்கும்போது யாரும் கேட்கும் முன்பே இந்த எல்லையை நீங்களே சொல்லி, அடுத்த சோதனையையும் விளக்குங்கள்.