ஒரு எண் தப்பினால் ரேடியோ ஊமை!



எஃப்.எம். ரேடியோவில் ஸ்டேஷன் பிடிப்பது நம் எல்லோருக்கும் தெரியும். குமிழைத் திருப்பினால் முதலில் 'கொர்ர்ர்' என்று இரைச்சல். இன்னும் கொஞ்சம் திருப்பினால் பாட்டு. லேசாகத் தள்ளிப் போனாலும் கரகரவென்றாவது கேட்கும். ஆனால் குமிழைத் திருப்பி ஸ்டேஷன் பிடிக்க முடியாத ஒரு ரேடியோவும் இருக்கிறது. அதற்கு நாம்தான் எண்களைச் சொல்லிக் கொடுக்கணும். ஒரு எண் தப்பினால் கரகரப்புகூட வராது. சுத்தமாக ஊமை! அதைப் பற்றித்தான் இந்தப் பாடம்.

ஸ்கேனர் என்றால் என்ன?

கம்ப்யூட்டர் ரூமில் படத்தை நகல் எடுக்கிறதே, அது இல்லை. இது வாக்கி டாக்கி மாதிரி இருக்கும் ஒரு ரேடியோ. இதில் கேட்க மட்டும்தான் முடியும், பேச முடியாது. அமெரிக்காவில் போலீஸ், தீயணைப்பு, ஆம்புலன்ஸ் பேச்சைப் பொதுமக்கள் இதில் கேட்பார்கள். நாம் பதிந்து வைத்த அதிர்வெண்களை ஒவ்வொன்றாக எட்டிப் பார்த்துக்கொண்டே போகும். எங்கே பேச்சு இருக்கிறதோ அங்கே நிற்கும். காட்டுத்தீ நெருங்கும்போது எந்தச் சாலை மூடியிருக்கிறது என்று தெரிந்துகொள்ள இதைப் பக்கத்திலேயே வைத்திருப்பவர்கள் உண்டு.

ஏன் ஒரே மொழி வேண்டும்?

2001 செப்டம்பர் 11 அன்று நியூயார்க்கில் இரட்டைக் கோபுரங்கள் தாக்கப்பட்டன. முதல் கோபுரம் விழுந்த பிறகு, மற்றதும் நிற்காது என்று போலீஸ் ஹெலிகாப்டரில் இருந்தவர்கள் தங்கள் ரேடியோவில் எச்சரித்தார்கள். தீயணைப்பு வீரர்களின் ரேடியோ வேறு. அந்தக் குரல் நேராக அவர்களுக்குப் போய்ச் சேரவில்லை. அன்று 343 தீயணைப்பு வீரர்கள் உயிரிழந்தார்கள். எல்லோரும் ஒரே காரணத்தால் இறந்தார்கள் என்று சொல்ல முடியாது. ஆனால் ரேடியோ இருந்தும் கேட்காமல் போனது பெரிய பாடம்.

எந்தக் கம்பெனி ரேடியோவும் மற்ற கம்பெனி ரேடியோவோடு பேசணும் என்பதற்காக 1989-லேயே அங்கே தொடங்கிய டிஜிட்டல் முறைதான் 'பி25'. அதில் எல்லாத் துறையும் அவசரத்தில் சந்திக்க ஒரு பொது அழைப்புச் சேனல் உண்டு. அதன் பெயர் 'செவன் கால் ஃபிப்டி'. அதையே நம் பாடத்துக்கு எடுத்துக்கொள்வோம்.

கையால் பதியும் முறை

மாடலுக்கு மாடல் பொத்தான் பெயர் மாறும். ஆனால் பதியவேண்டிய விஷயங்கள் மாறாது.

1. முதலில் சோதனை. அமெரிக்காவில் வானிலை அறிவிப்புக்கென்றே 162.400 முதல் 162.550 மெகாஹெர்ட்ஸ் வரை ஏழு சேனல்கள் 24 மணி நேரமும் பேசிக்கொண்டே இருக்கும். அதில் ஒன்று கேட்டால் ஸ்பீக்கரும் செட்டும் சரி என்று அர்த்தம். (இது டிஜிட்டல் இல்லை, பழைய எஃப்.எம். முறைதான்.)

2. அதிர்வெண்: 769.24375. ஐந்து தசம இடமும் முக்கியம். 'கிட்டத்தட்ட 769.25 தானே' என்று போட்டால் 6.25 கிலோஹெர்ட்ஸ் தள்ளிப் போய்விடும். சேனலின் அகலமே 12.5 கிலோஹெர்ட்ஸ்தான்! பாதி தள்ளினால் சேனலின் ஓரத்துக்கே போய்விடுவோம்.

3. முறை: டிஜிட்டல், அதாவது பி25. எஃப்.எம். என்று விட்டுவிட்டால் பேச்சுக்குப் பதில் 'ஜர்ர்' என்று எந்திரச் சத்தம்தான் வரும்.

4. அடையாள எண்: 293. இதை 'நேக்' என்பார்கள். பக்கத்து ஊரில் அதே அதிர்வெண்ணை வேறொருவர் பயன்படுத்தினாலும் நம் ஸ்கேனர் குழம்பாமல் இருக்க இது பூட்டு மாதிரி. கவனம்! இது இருநூற்றுத் தொண்ணூற்று மூன்று அல்ல. பதினாறு நிலை எண்முறையில் எழுதியது. 2×256 + 9×16 + 3 = 659. பட்டியலில் எந்த முறையில் இருக்கிறது, ஸ்கேனர் எந்த முறையில் கேட்கிறது என்று பார்த்துத்தான் அழுத்தணும்.

5. பெயர் கொடுத்துச் சேமித்து, எழுதிய தாளை வைத்து ஒவ்வோர் எண்ணாக மறுபடி படித்துப் பார்க்கணும். நண்பர் ஒருவர் வாசிக்க, நாம் சரிபார்த்தால் இன்னும் நல்லது.

ஏன் இவ்வளவு பிடிவாதம்? இது அவசரச் சேனல். சாதாரண நாளில் அங்கே யாரும் பேச மாட்டார்கள். அதனால் அமைதிக்கு இரண்டு அர்த்தம் உண்டு: யாரும் பேசவில்லை, அல்லது நாம் தப்பாகப் பதிந்திருக்கிறோம். காதால் கேட்டு இரண்டையும் பிரிக்கவே முடியாது. தப்பு தெரியவரும் நாள், அவசரம் வரும் நாளாகத்தான் இருக்கும்!

டோக்கன் முறை

பெரிய ஊர்களில் துறைக்கொரு அதிர்வெண் கொடுத்தால் கட்டுப்படியாகாது. அதனால் பேங்க் மாதிரி டோக்கன் முறை வைத்திருக்கிறார்கள். கவுண்ட்டர்கள் எல்லாருக்கும் பொது. 'இந்த டோக்கன் நாலாவது கவுண்ட்டருக்குப் போ' என்று ஒரு குரல் சொல்லும். ரேடியோவில் அந்தக் குரல்தான் கட்டுப்பாட்டுச் சேனல். டோக்கன்தான் பேச்சுக்குழு எண். எனவே இங்கே பதியவேண்டியவை இரண்டு: கட்டுப்பாட்டுச் சேனலின் அதிர்வெண், நாம் கேட்க விரும்பும் பேச்சுக்குழு எண். பேச்சு எந்த அதிர்வெண்ணுக்குத் தாவினாலும் ஸ்கேனர் பின்னாலேயே ஓடும். கட்டுப்பாட்டுச் சேனல் சில சமயம் இடம் மாறும். அதனால் பட்டியலில் இருக்கும் மாற்றுச் சேனல்களையும் சேர்த்தே பதியணும்.

எல்லை எது?

பல ஊர்களில் போலீஸ் பேச்சைச் சங்கேதமாக்கி அனுப்புகிறார்கள். எத்தனை சரியாகப் பதிந்தாலும் அது கேட்காது. அங்கே ஸ்கேனர்களில் செல்போன் பேச்சின் அதிர்வெண்களையும் 1994 முதல் சட்டப்படி அடைத்துத்தான் விற்கவேண்டும்.

நம் நாட்டில் இன்னும் கண்டிப்பு. அரசு அனுமதி இல்லாமல் இப்படிப்பட்ட கருவியை வைத்திருக்கவே கூடாது. ஆகவே 'வாங்கிப் பார்க்கலாமே' என்று யாரும் கிளம்ப வேண்டாம்! ஆசை இருப்பவர்களுக்கு நேர்வழி ஒன்று உண்டு. ஹாம் ரேடியோ தேர்வு எழுதி உரிமம் பெறலாம். 'வி.யு.' என்று தொடங்கும் அழைப்புப் பெயர் கிடைக்கும். கேட்பது மட்டும் இல்லை, பேசவும் செய்யலாம்.

கணக்குப் பரீட்சையில் ஒரு தசமப் புள்ளி தப்பினால் ஒரு மார்க் போகும். ரேடியோவில் தப்பினால் ஒரு குரலே போய்விடும். எழுதியதைத் திரும்பப் படிக்கும் பழக்கம் இரண்டுக்கும் நல்லது.

மூளைக்கு வேலை: 'எஃப்7ஈ' என்று வைத்தால் எந்த 'நேக்' வந்தாலும் ரேடியோ திறந்துகொள்ளும். இதன் பதின்ம மதிப்பு என்ன? (எஃப் = 15, ஈ = 14)

விடை தாளின் அடியில் தலைகீழாக: 3966

— அறிவியல் மன்றத்துக்காக, பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு