தரவுச் சேமிப்பும் காப்பெடுத்தலும்



கணினியின் வன்தட்டு பழுதடைந்தால் கடையில் இன்னொன்று வாங்கலாம். அதில் இருந்த தரவை எந்தக் கடையிலும் வாங்க முடியாது. ஆகவேதான் வங்கி, வைத்தியசாலை, பல்கலைக்கழகம் போன்றவற்றில் சேவையகங்களைப் பராமரிப்பவரின் முக்கிய கடமையாகக் காப்பெடுத்தல் கருதப்படுகிறது. 'பேக்கப்' என்று நாம் பேச்சில் சொல்வது இதனையே.

1. சேமிப்பகத்தை இணைக்கும் முறைகள்

(அ) நேரடி இணைப்புச் சேமிப்பு: வன்தட்டு ஒரு சேவையகத்துடன் நேரே இணைக்கப்பட்டிருக்கும். செலவு குறைவு. ஆனால் அந்தச் சேவையகம் நின்றால் ஏனையோருக்கும் தரவு கிடைக்காது.

(ஆ) வலையமைப்பு இணைப்புச் சேமிப்பு (நாஸ்): சேமிப்புக் கருவி இடத்துரி வலையமைப்பில் தனியாக இணைக்கப்படும். பல கணினிகள் அதிலுள்ள கோப்புகளைப் பகிர்ந்து பயன்படுத்தலாம். சிறிய அலுவலகங்களுக்கு ஏற்றது.

(இ) சேமிப்புப் பரப்பு வலையமைப்பு (சான்): சேமிப்புக்கென்றே தனி வலையமைப்பு அமைக்கப்படும். பெரும்பாலும் ஒளியியல் நார்களும் அவற்றுக்குரிய ஆளிகளும் பயன்படும். வேகம் அதிகம், செலவும் அதிகம். பெரிய தரவுத்தளங்களுக்கு ஏற்றது.

நினைவிற் கொள்க: நாஸ் தரவைக் கோப்புகளாக வழங்கும். சான் தரவைத் தொகுதிகளாக வழங்கும். சேவையகத்துக்கு அது தன் சொந்த வன்தட்டுப் போலவே தோன்றும்.

2. ரெயிட் முறை

பல வன்தட்டுகளை ஒன்றுசேர்த்து, ஒன்று பழுதடைந்தாலும் வேலை தொடரச் செய்யும் முறை இது. ரெயிட் 1 இல் ஒரே தரவு இரு தட்டுகளில் எழுதப்படும். 2 தெராபைற்றுத் தட்டுகள் இரண்டை இணைத்தால் கிடைக்கும் கொள்ளளவு 2 தெராபைற்று மட்டுமே. ரெயிட் 5 இல் ஒரு தட்டின் அளவான இடம் மீட்புத் தகவலுக்கு ஒதுக்கப்படும். எனவே 2 தெராபைற்றுத் தட்டுகள் நான்கை இணைத்தால் 6 தெராபைற்று கிடைக்கும்.

இங்குதான் பல மாணவர்கள் தவறுவர். ரெயிட் என்பது காப்பெடுத்தல் அன்று. ஒரு கோப்பைத் தவறுதலாக அழித்தால் அது இரு தட்டுகளிலிருந்தும் ஒரே கணத்தில் அழிந்துவிடும். நச்சுநிரல் தாக்கினாலும், கட்டடம் தீப்பற்றினாலும் இதே கதிதான்.

3. காப்பெடுத்தலின் வகைகள்

• முழுக் காப்பு: எல்லாத் தரவும் பிரதிசெய்யப்படும்.
• வேறுபாட்டுக் காப்பு: இறுதி முழுக் காப்பின் பின் மாறிய அனைத்தும் பிரதிசெய்யப்படும்.
• அதிகரிப்புக் காப்பு: இறுதியாக எடுத்த எந்தவகைக் காப்பின் பின்னும் மாறியவை மட்டும் பிரதிசெய்யப்படும்.

உதாரணம்: ஞாயிறு இரவு 200 கிகாபைற்று முழுக் காப்பு எடுக்கப்படுகிறது. அதன்பின் நாளொன்றுக்கு 10 கிகாபைற்றுப் புதிய தரவு சேர்கிறது. திங்கள், செவ்வாய், புதன் இரவுகளிலும் காப்பு எடுக்கப்படுகிறது. வியாழன் காலை வன்தட்டு பழுதடைகிறது.

அதிகரிப்பு முறையில் மூன்று இரவும் 10 + 10 + 10 = 30 கிகாபைற்று இடம் போதும். ஆனால் மீட்பதற்கு ஞாயிறு, திங்கள், செவ்வாய், புதன் ஆகிய நான்கு காப்புகளும் தேவை. இடையில் ஒன்று கெட்டால் அதற்குப் பிந்தியவற்றை நம்ப முடியாது.

வேறுபாட்டு முறையில் 10 + 20 + 30 = 60 கிகாபைற்று இடம் வேண்டும். ஆனால் மீட்பதற்கு ஞாயிறும் புதனுமாகிய இரண்டு காப்புகள் போதும்.

4. 3-2-1 விதி

தரவின் 3 பிரதிகள் இருக்க வேண்டும். அவை 2 வகையான ஊடகங்களில் (உதாரணம்: வன்தட்டு, காந்த நாடா) இருக்க வேண்டும். அவற்றுள் 1 பிரதியாவது வேறோர் இடத்தில் இருக்க வேண்டும். வலையமைப்பிலிருந்து துண்டிக்கப்பட்ட பிரதி ஒன்றும் இருப்பது இன்று அவசியமாகிவிட்டது. காரணத்தைக் கீழே காண்க.

5. உண்மைச் சம்பவங்கள்

இலங்கை, 2023: ஓகஸ்ட் மாத இறுதியில் இலங்கை அரசாங்க மேகக் கட்டமைப்பைக் கப்பம் கோரும் தீம்பொருள் தாக்கியது. சுமார் 5,000 அரச மின்னஞ்சல் முகவரிகள் பாதிக்கப்பட்டன. முறைமை சில மணி நேரத்தில் மீட்கப்பட்டது. ஆனால் மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான மின்னஞ்சல்களுக்குப் பயன்படத்தக்க காப்பு இருக்கவில்லை. மூன்று மாதங்களுக்கு மேற்பட்ட தரவு இழக்கப்பட்டது. இதன்பின் நாளாந்தம் துண்டிக்கப்பட்ட காப்பு எடுக்கத் தீர்மானிக்கப்பட்டது.

தென்கொரியா, 2025: செப்டெம்பர் 26 இல் டேஜியோன் நகரிலுள்ள அரச தரவு நிலையம் தீப்பற்றியது. அரச ஊழியர்களின் 858 தெராபைற்றுக் கோப்புகள் அழிந்தன. கொள்ளளவு மிகப் பெரிது என்பதால் அவற்றுக்கு வெளியிடக் காப்பு வைக்கப்படவில்லை.

கிட்லாப் நிறுவனம், 2017: ஜனவரி 31 இல் ஒரு பொறியியலாளர் சேவையகம் மாறித் தரவுத்தளத்தை அழித்துவிட்டார். நாள்தோறும் எடுக்கப்படுவதாக நம்பியிருந்த காப்பு, மென்பொருட் பதிப்புப் பொருந்தாமையால் எடுக்கப்படாமலே இருந்தது. ஏறத்தாழ ஆறு மணி நேரத்துக்கு முன் வேறு தேவைக்காக எடுத்த ஒரு பிரதியே கைகொடுத்தது. இடைப்பட்ட நேரத் தரவு போய்விட்டது.

இம்மூன்றும் கற்பிப்பது ஒன்றே: மீட்டுப் பார்த்து உறுதிசெய்யாத காப்பைக் காப்பு எனக் கொள்ளக்கூடாது.

6. பயிற்சி வினாக்கள்

1. 3 தெராபைற்று வன்தட்டுகள் ஐந்து ரெயிட் 5 முறையில் இணைக்கப்பட்டால் கிடைக்கும் கொள்ளளவு யாது?
2. மேலுள்ள உதாரணத்தில் செவ்வாய் இரவுக் காப்பு கெட்டுப்போனால் எம்முறையில் புதன் வரையான தரவை முழுமையாக மீட்கலாம்? காரணம் தருக.
3. தென்கொரியச் சம்பவத்தில் 3-2-1 விதியின் எப்பகுதி மீறப்பட்டது?

விடைகள்: (1) 12 தெராபைற்று. (2) வேறுபாட்டு முறை. புதன் காப்பினுள் செவ்வாய் மாற்றங்களும் அடங்கியுள்ளன. (3) ஒரு பிரதி வேறோர் இடத்தில் இருத்தல்.

செயற்பாடு: உங்கள் பாடச் செயற்றிட்டக் கோப்பைப் பேனாச் செலுத்தி ஒன்றில் பிரதிசெய்து, வேறொரு கணினியில் திறந்து பாருங்கள். அது திறந்தால்தான் உங்களிடம் காப்பு இருக்கிறது.