ஸ்கேன் நிலையங்களும் சட்ட ஆய்வும்

பெங்களூருவில் தனியார் மருத்துவமனை நடத்தும் மருத்துவர், கர்நாடகத் தனியார் மருத்துவ நிறுவனங்கள் சட்டம், 2007இன் கீழ்ப் பதிவு பெற வேண்டும். (மத்திய அரசு 2010இல் இயற்றிய மருத்துவ நிறுவனங்கள் சட்டத்தை இம்மாநிலம் ஏற்கவில்லை, தன் சட்டத்தையே 2017இல் திருத்தி நடைமுறைப்படுத்தி வருகிறது.) மருத்துவக் கழிவுகளுக்கு 2016ஆம் ஆண்டு விதிகள் உள்ளன. கருவுற்ற தாய்மார்களுக்கு ஸ்கேன் செய்யும் வசதியும் இருக்குமாயின், கருவின் பாலினம் அறிவதைத் தடை செய்யும் 1994ஆம் ஆண்டுச் சட்டமும் சேர்ந்துகொள்கிறது. ஆய்வுக்குத் தயாராவது என்றால் என்ன என்பது இம்மூன்றாவது சட்டத்தில்தான் தெளிவாக விளங்குகிறது.

இச்சட்டம் தடுக்க முனையும் குற்றத்துக்கு முறையீட்டாளர் இல்லை. கேட்பவரும் சொல்பவரும் ஒரே மனத்தினர். ஒரு சைகையே போதுமானது. பாதிக்கப்படுவதோ பிறவாத பெண் குழந்தை. ஆறு வயதுக்குட்பட்ட ஆண் குழந்தைகள் ஆயிரவருக்குப் பெண் குழந்தைகள் 1991இல் 945 ஆக இருந்து 2001இல் 927 ஆகக் குறைந்ததை மக்கள்தொகைக் கணக்கெடுப்பு காட்டிற்று. வேறு சாட்சி கிடைக்காத நிலையில், சட்டம் பதிவேட்டையே சாட்சியாக்கியது.

கருவுற்ற ஒவ்வொருவருக்கும் 'எப்' படிவம் நிரப்பப்பட வேண்டும். எக்காரணத்துக்காக ஸ்கேன் செய்யப்பட்டது, யார் பரிந்துரைத்தார், முடிவு என்ன என்பவை அதில் இடம்பெறும். கருவின் பாலினத்தை அறிய விரும்பவில்லை என்று தாயும், அதைக் கண்டறியவோ வெளியிடவோ இல்லை என்று மருத்துவரும் உறுதி கூறுவர். படிவத்தில் குறையோ பிழையோ இருந்தால், மாறாக நிரூபிக்கப்படும் வரை, அதுவே சட்டமீறலாகக் கருதப்படும் என்கிறது 4ஆவது பிரிவு. எழுத்துப்பிழைக்குச் சிறைத் தண்டனையா என்று கேட்டு மகப்பேறு மருத்துவர் சங்கங்களின் கூட்டமைப்பு உச்ச நீதிமன்றத்தை அணுகியது. படிவத்தைக் குறையின்றி நிரப்புவது சட்டத்தின் உயிர்நாடி என்ற நோக்கில், 2019 மே மாதம் அவ்வாதம் நிராகரிக்கப்பட்டது. மருத்துவர்களின் மனக்குறை முற்றிலும் நியாயமற்றதன்று. உதவியாளர் ஒருவரின் கவனக்குறைவுக்கும் அவர்களே பொறுப்பேற்க நேருகிறது. ஆயினும் வெற்றிடங்களை மன்னித்தால் சட்டத்தில் எஞ்சுவது அதிகமிராது.

ஆகவே, அதிகாரிகள் வரும் நாளன்று சுவருக்கு வெள்ளையடிப்பது தயாரிப்பாகாது. பதிவுச் சான்றிதழ் கண்ணில் படும் இடத்தில் தொங்க வேண்டும். அது ஐந்தாண்டுகளுக்கே செல்லும். பாலினம் அறிவிப்பது குற்றம் என்ற பலகை ஆங்கிலத்திலும் வட்டார மொழியிலும் இருக்க வேண்டும். பெங்களூருவில் அது கன்னடம். சட்டத்தின் பிரதி ஒன்று, கேட்போருக்குக் காட்டக் கையிருப்பில் இருத்தல் அவசியம். மாத அறிக்கை அடுத்த மாதம் 5ஆம் தேதிக்குள் அனுப்பப்பட வேண்டும். ஆவணங்களை இரண்டாண்டுகள் பாதுகாக்க வேண்டும். இவை யாவும் எளியவை. கடினமானது வேறு: படிவங்களின் எண்ணிக்கை, பதிவேட்டு வரிசை எண், கட்டண ரசீது, இயந்திரத்தில் பதிவான படங்கள் ஆகிய நான்கும் ஒத்திருப்பது. அன்றாடம் மாலையில் கால்மணி நேரம் ஒதுக்கிச் சரிபார்க்கும் நிலையத்தில் இது இயல்பாக அமையும். மாத இறுதியில் மொத்தமாக எழுதப்பட்ட பதிவேட்டை, ஒரே மையையும் ஒரே கையெழுத்தையும் கொண்டே அனுபவமுள்ள அதிகாரி கண்டுகொள்வார்.

கழிவு விதிகளிலும் இதே நிலைதான். மஞ்சள், சிவப்பு, வெள்ளை, நீலம் எனத் தரம் பிரிப்பதும், சுத்திகரிக்கப்படாத கழிவை 48 மணி நேரத்துக்கு மேல் வைத்திராமையும் அன்றாடப் பழக்கங்கள்.

ஆனால், ஆய்வுக்கும் எல்லை உண்டு. 2023இல் பெங்களூருவின் பையப்பனஹள்ளிக் காவல் துறையினர் வெளிக்கொணர்ந்த வழக்கில், மாண்டியா மாவட்டத்தில் வெல்லம் காய்ச்சும் ஆலைக்கொட்டகை ஒன்றில் கருவின் பாலினம் பார்க்கப்பட்டு வந்தது தெரிய வந்தது. அங்கே சான்றிதழும் இல்லை, படிவமும் இல்லை. எனவே ஆய்வாளர் செல்லவும் வழியில்லை. பலகை மாட்டியவரிடம் மட்டுமே பிழை தேடும் நிர்வாகம் இத்தகைய இடங்களைக் காணாது. இதற்கும் விதிகளிலேயே ஒரு கருவி இருக்கிறது. பதிவு பெறாதவருக்கு ஸ்கேன் இயந்திரம் விற்கலாகாது. விற்பனையாளர்கள் வாங்கியோர் பட்டியலை அரசுக்குத் தர வேண்டும். 2001இல் உச்ச நீதிமன்றமே இயந்திர நிறுவனங்களிடம் அப்பட்டியலைக் கேட்டுப் பெற முற்பட்டது. இயந்திரங்கள் கைமாறிச் செல்வதையும் சேர்த்து, அப்பட்டியலைப் பதிவு பெற்ற நிலையங்களின் பட்டியலோடு மாவட்டந்தோறும் ஒப்பிட்டுப் பார்ப்பது, மருத்துவரின் படிவத்தைப் புரட்டுவதற்கு முன் அதிகாரி செய்ய வேண்டிய தயாரிப்பாகும்.