பம்பின் மேல் பழி போடும் முன்

அன்புள்ள தம்பிக்கு,

1987 முதல் 1995 வரை செவர்லே, ஜிஎம்சி என்ற பெயர்களில் அமெரிக்காவில் விற்ற பிக்கப் டிரக்குகளில், ஓடிக்கொண்டிருக்கும்போதே எஞ்சின் அணைந்து, அரை மணி நேரம் கழித்து ஒன்றும் நடவாததுபோல மறுபடி கிளம்பும் கோளாறு தலைகாட்டினால், பெரும்பாலோர் முதல் வேலையாக டேங்கை இறக்கிப் புது எரிபொருள் பம்பைப் பொருத்திவிடுகிறார்கள். தம்பியும் அந்த முடிவை நெருங்கியிருப்பதாகத் தெரிவதால் இக்கடிதம் எழுத வேண்டியதாயிற்று. விட்டுவிட்டு வரும் கோளாறை அது இல்லாத வேளையில் தேடினால் எல்லாப் பாகங்களும் நல்லவையாகவே தென்படும். பாகத்தை மாற்றிய பின் வண்டி ஓடினாலும், மாற்றாமலே அன்று ஓடியிருக்கும் என்பதால், அந்த ஓட்டம் எதற்கும் சான்றாகாது.

முதலில் இவ்வண்டியின் அமைப்பைப் புரிந்துகொள்ள வேண்டும். சாவியைத் திருப்பியதும் எஞ்சினை ஆளும் கணினி, ரிலே எனப்படும் மின்காந்த விசையின் வழியாகப் பம்பை இரண்டு வினாடி ஓட்டுகிறது. அதற்குள் டிஸ்ட்ரிபியூட்டரிலிருந்து எஞ்சின் சுழல்வதைக் காட்டும் துடிப்பு வராவிட்டால் நிறுத்திவிடுகிறது. இதற்குத் துணையாக, எஞ்சின் எண்ணெய் அழுத்தம் சதுர அங்குலத்துக்குச் சுமார் 4 பவுண்டை எட்டியதும் மூடிக்கொள்ளும் ஒரு சுவிட்சும் பம்புக்கு மின்சாரம் தருவதால், ரிலே செத்த வண்டியும் நெடுநேரம் செல்ஃப் அடித்தபின் கிளம்பிவிடும். அந்த நீண்ட செல்ஃப்பைப் பலர் பம்பின் தளர்ச்சி என்று தவறாகப் படிக்கிறார்கள்.

இதைவிடப் பெரிய குழப்பம் டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருக்கும் இக்னிஷன் மாட்யூலால் வருவது. தீப்பொறியை ஆளும் இச்சிறு மின்னணுப் பாகம் சூடேறியபின் செயலிழந்து, ஆறியதும் பிழைத்துக்கொள்ளும் இயல்புடையது. கணினிக்குச் செல்லும் துடிப்பும் இதிலிருந்தே பிறப்பதால், தீப்பொறியோடு இன்ஜெக்டரின் தெளிப்பும் நின்று, பெட்ரோலே வரவில்லை என்ற தோற்றம் உண்டாகிறது. ஆகவே வண்டி நின்ற இடத்திலேயே தீப்பொறியையும் எரிபொருள் அழுத்தத்தையும் தனித்தனியே பார்ப்பதுதான் முறை. 4.3, 5.0, 5.7 லிட்டர் எஞ்சின்களுக்கு அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 9 முதல் 13 பவுண்டு வரை இருக்க வேண்டும். அழுத்தம் சரியாக இருந்து தீப்பொறி இல்லையென்றால் டேங்கின் பக்கம் போகவே தேவையில்லை.

அழுத்தம்தான் விழுகிறது என்றால், பம்பின் இரண்டு முனைகளிலிருந்தும் வயர் இழுத்து, ஃபியூஸ் சேர்த்து, ஓட்டுநர் கண்ணில் படும்படி மல்டிமீட்டரை வைத்து வண்டியை ஓட்டிப் பார்ப்பது சிறந்த வழி. அழுத்தமானியையும் இணைப்பதானால் அது கண்ணாடிக்கு வெளியேதான் இருக்க வேண்டும், பெட்ரோல் குழாய் எக்காரணம் கொண்டும் கேபினுக்குள் வரக்கூடாது. எஞ்சின் அணையும் கணத்தில் வோல்ட் குறையாமல் அழுத்தம் மட்டும் விழுந்தால் சந்தேகம் பம்பின் மேலும் அடைத்த ஃபில்டரின் மேலும் திரும்புகிறது. வோல்ட்டும் சேர்ந்து விழுந்தால் குற்றவாளி கனெக்டர், எர்த், அல்லது எண்ணெய் அழுத்தச் சுவிட்சும் கெட்டிருந்தால் ரிலே. எர்த் என்பது மின்சாரம் சேசிஸ் வழியாகப் பேட்டரிக்குத் திரும்பும் இணைப்பு. பனிக்காலத்தில் சாலையில் உப்புத் தூவும் அமெரிக்காவின் வட மாநிலங்களில் இது எளிதில் அரிக்கப்படுகிறது. பம்பை நிறுத்தி வைத்து ஓம் அளவில் மட்டும் சோதிப்பவர் இங்கே ஏமாறுவார், ஏனெனில் ஒரே ஒரு செம்பிழை மிஞ்சிய வயரும் அந்தச் சோதனையில் தேறிவிடும், பம்பு இழுக்கும் சில ஆம்பியரை மட்டும் தாங்காது. பம்பு ஓடும்போது பேட்டரியில் 14 வோல்ட்டும் பம்பில் 11 வோல்ட்டும் இருந்தால், இடையில் மறைந்த 3 வோல்ட்டை எந்த இணைப்பு விழுங்குகிறது என்று ஒவ்வொன்றாக அளந்து கண்டுபிடிக்க வேண்டும். வயரை அசைக்கும்போது அளவு ஆடினால் லூஸ் காண்டாக்ட் அங்கேதான்.

பம்பே குற்றவாளி என்று உறுதியான பிறகு, பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றி, பெட்ரோலை வடித்து, திறந்த வெளியில் டேங்கை இறக்கலாம். அப்போது பழைய கனெக்டரின் முனைகள் கருகியிருந்தால் அவற்றையும் மாற்றிவிடுவது கட்டாயம். கருகிய முனையில் சொருகிய புதுப் பம்பு சில மாதங்களில் அதே சாலையோரத்தில் வண்டியை நிறுத்திவிடும்.

அன்புடன்,
பெரியப்பா