மருந்துக்குத் தேர்வு வைப்பவர்கள்

ஆப்பிரிக்காவின் மேற்குக் கரையில் காம்பியா என்றொரு சிறு நாடு உண்டு. 2022-ஆம் ஆண்டில் அங்கே சுமார் 70 குழந்தைகள் சிறுநீரகம் செயலிழந்து இறந்தனர். இந்தியாவில் தயாரான நான்கு இருமல், சளி மருந்துகளில் டைஎத்திலீன் கிளைக்கால் முதலிய நச்சுப் பொருள்கள் அளவுக்கு மீறி இருந்ததாக அக்டோபரில் உலகச் சுகாதார நிறுவனம் எச்சரித்தது. (இந்திய அரசு இதை மறுத்தது.)

டைஎத்திலீன் கிளைக்கால் நிறமற்றது, சற்றுக் கெட்டியானது, இனிப்பானது. மருந்தில் சேர்க்கும் கிளிசரினும் அப்படித்தான்! கண்ணும் நாக்கும் இவ்விரண்டையும் பிரித்தறிய மாட்டா. சோதனைச்சாலைதான் சொல்ல வேண்டும். காம்பியாவில் 2014-லேயே மருந்துச் சட்டம் இயற்றியிருந்தார்கள். ஆனால் மருந்தைச் சோதிக்கும் கூடம் அப்போது அங்கு இல்லை. மாதிரிகள் வெளிநாட்டுக்குப் போயின.

ஒரு கூடம் கட்டி, கருவிகளை வாங்கி வைத்துவிட்டால் போதுமா? போதாது என்பேன். கருவி காட்டும் எண்ணுக்குப் பொருள் சொல்ல ஆள் வேண்டும். அந்த ஆளை எங்கே உருவாக்குவது? பல்கலைக்கழகத்தில் வேதியியல் கற்பிப்பார்கள். மருந்து நிறுவனங்கள் அனுப்பும் உண்மையான கோப்புகள் அங்கு வருவதில்லை. அரசு அலுவலகத்திலோ கோப்புகள் குவிந்திருக்கும். உட்கார்ந்து கற்பிக்க நேரமிராது.

கிழக்கு ஆப்பிரிக்க நாடான டான்சானியா இவ்விரண்டையும் இணைத்தது. தார் எஸ் சலாம் நகரிலுள்ள முகிம்பிலி பல்கலைக்கழகமும் அந்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டு ஆணையமும் சேர்ந்து பயிற்சி அளிக்க முன்வந்தன. ஆப்பிரிக்க ஒன்றியத்தின் நெப்பாட் அமைப்பு 2014-இல் இக்கூட்டணியை வட்டாரப் பயிற்சி மையங்களுள் ஒன்றாகத் தேர்ந்தெடுத்தது. மருந்துகளை மதிப்பிட்டுப் பதிவு செய்வதே இம்மையத்தின் பாடம். டான்சானிய ஆணையம் 2018 டிசம்பரில் உலகச் சுகாதார நிறுவனத்தின் நான்கு படிகளுள் மூன்றாம் படியை எட்டியது. ஆப்பிரிக்காவில் அப்படியை முதலில் எட்டியது அதுவே.

மருந்தை மதிப்பிடுவது என்றால் என்ன? கடைக்கு வந்த மருந்தில் நச்சு உண்டா என்று பார்ப்பது ஒரு வேலை. நாட்டுக்குள் விடுமுன்னே நிறுவனத்தின் கோப்பை ஆராய்வது இன்னொரு வேலை. பின்னதில் ஒரு சிறு பகுதியை மட்டும் இங்கே பார்ப்போம். அது இயற்பியல் கலந்தது. ஆகவே எனக்குப் பிடித்தமானது.

மாத்திரை அட்டையில் காலாவதி நாள் அச்சிட்டிருப்பதைக் கண்டிருப்பீர்கள். அதை எப்படி முடிவு செய்கிறார்கள்? மாத்திரைகளைக் குறிப்பிட்ட வெப்பநிலையிலும் ஈரப்பதத்திலும் வைத்து, சில மாதங்களுக்கு ஒருமுறை எடுத்து, மருந்துப்பொருள் எவ்வளவு எஞ்சியிருக்கிறது என்று அளக்கிறார்கள். மிதமான வானிலையுள்ள நாடுகளுக்கு 25 டிகிரி செல்சியசும் 60 விழுக்காடு ஈரப்பதமும் போதும். வெப்பமும் ஈரமும் மிகுந்த நாடுகளுக்கு 30 டிகிரி, 75 விழுக்காடு. விதிகள் பன்னாட்டுக்கும் பொது. வானிலை மட்டும் அவரவருடையது. வெளிநாட்டுப் பயிற்சியை அப்படியே நகலெடுக்க முடியாதது இதனால்தான்.

இப்போது நீங்களே மதிப்பீட்டாளராக இருந்து ஒரு கணக்கைப் போடுங்கள். (எண்கள் பயிற்சிக்காக நான் அமைத்தவை.) ஒரு மாத்திரையில் முதல் நாளில் மருந்துப்பொருள் 100 விழுக்காடு. 25 டிகிரியில் 12 மாதம் வைத்தபின் 97 விழுக்காடு. 95-க்குக் கீழே போகக் கூடாது என்பது விதி. வரைபடத்தாளில் புள்ளிகளைக் குறித்து நேர்கோட்டை நீட்டுங்கள். 20-ஆம் மாதத்தில் கோடு 95-ஐத் தொடும்.

உங்கள் நாடோ வெப்பநாடு. பத்து டிகிரி கூடினால் பல வேதிவினைகளின் வேகம் ஏறத்தாழ இரு மடங்காகும். அப்படியானால் ஐந்து டிகிரிக்கு இரண்டின் வர்க்கமூலம், அதாவது சுமார் 1.4 மடங்கு. 20 மாதம் 14 மாதமாகச் சுருங்குகிறது. ஈரத்தின் பங்கை இன்னும் சேர்க்கவில்லை.

அட்டையில் 24 மாதம் என்று அச்சிட நிறுவனம் அனுமதி கேட்கிறது. என்ன பதில் எழுதுவீர்கள்? வேறு என்ன சோதனை கேட்பீர்கள்?